ஆறாம் வேற்றுமையும் அடைபட்ட கணினியும்

பத்தாந் தர மாணவர்க்கு ஆறாம் வேற்றுமையைக் கற்பிக்கும் தமிழாசிரியர் எவரும் 'கண்ணனது கை', 'கண்ணனது வீடு' என்னும் இரு தொடர்களைக் கரும்பலகையில் எழுதாமல் இருப்பதில்லை. உருபு ஒன்றே, உறவோ இரண்டு. கை கண்ணனிலிருந்து பிரிக்க இயலாதது. ஆகவே அது தற்கிழமை. வீடு அவனின் வேறானது. அதனை அவன் விற்கலாம், இடிக்கலாம், பிள்ளைகள் பெருகினால் இன்னும் ஓர் அறையைக் கூட்டிக் கட்டலாம். ஆகவே அது பிறிதின்கிழமை. நம் இலக்கண நூலார் வகுத்த இந்தப் பாகுபாடு பரீட்சையில் இரண்டு புள்ளி பெறுவதற்கு மட்டுமே உதவுவது என்று நெடுங்காலம் நானும் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி அவ்வெண்ணத்தை மாற்றிற்று.

வவுனிக்குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் ஒரு குடும்பத்திலிருந்து ஒரு பெண் பல்கலைக்கழகம் புகுந்தாள். என்னிடம் தமிழ் படித்தவள். பெரும்போக நெல்லை விற்ற பணத்தில் தகப்பனார் அவளுக்கு ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தார். கையிலிருந்த பணத்துக்கு எது கிடைத்ததோ அதுவே வாங்கப்பட்டது. அதன் நினைவகம் 4 கிகாபைற். முதலாண்டு ஒருவாறு கழிந்தது. இரண்டாம் ஆண்டில் அவளுடைய கற்கைநெறிக்கு வேண்டிய மென்பொருள் 8 கிகாபைற் கேட்டது. கணினி பழுதடையவில்லை, திரை ஒளிர்ந்தது, விசைகள் இயங்கின. ஆயினும் கட்டளை ஒன்றைக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வரலாம் என்னும் நிலைக்கு அது வந்துவிட்டது.

எமது பாடசாலைக் கணினிக் கூடத்தைச் செப்பஞ் செய்ததில் எனக்கும் சிறு பங்கு உண்டு என்பதை அறிந்த தகப்பனார் அக்கணினியை என்னிடம் கொண்டு வந்தார். இருவருமாகக் கிளிநொச்சிக்குச் சென்று ஒரு கடையில் கொடுத்தோம். கடையிலிருந்த இளைஞன் என் பழைய மாணவன். பின்மூடியைக் கழற்றிப் பார்த்தான்; மீண்டும் மூடினான். "சேர், இது போர்டோட ஒட்டினது. கழட்டவும் ஏலாது, கூட்டவும் ஏலாது. புதுசுதான் வாங்கவேணும்" என்றான். தகப்பனார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "மாஸ்ரர், மண்வெட்டிப் பிடி முறிஞ்சால் பிடியைத்தானே மாத்துறம்? பிடிக்காக முழு மண்வெட்டியையும் எறியச் சொல்லுறாங்களோ?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. அதனைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

கணினியின் நினைவகம் என்பது யாது? இதனை ஒரு மாணவனின் மேசைக்கு ஒப்பிடலாம். நூல்கள் யாவும் அலுமாரியில் இருக்கின்றன. படிக்கும்போது வேண்டியவற்றை எடுத்து மேசைமேற் பரப்பிக் கொள்கிறான். மேசை சிறிதானால் ஒரு நூலை விரிப்பதற்கு இன்னொன்றை எடுத்து அலுமாரியில் வைக்க வேண்டும். படிப்பதிலும் பார்க்க எழுந்து நடப்பதிலேயே பொழுது போகும். அலுமாரி, கணினியின் சேமிப்பகம். மேசை, அதன் நினைவகம். மின்சாரம் நின்றால் மேசை வெறுமையாகிவிடும். ஆயினும் வேலை நடப்பது மேசைமேற்றான்.

இந்த மேசையின் தேவை ஆண்டுதோறும் பெருகிக்கொண்டே வந்துள்ளது. 1995 இல் வெளிவந்த 'வின்டோஸ் 95' குறைந்தது 4 மெகாபைற் நினைவகம் கேட்டது. 2021 இல் வெளிவந்த 'வின்டோஸ் 11' குறைந்தது 4 கிகாபைற் கேட்டது. அஃதாவது ஆயிரம் மடங்குக்கும் சற்று அதிகம். இப்பெருக்கத்தை வேண்டியவர் பயன்படுத்துவோர் அல்லர். மென்பொருள் செய்வோர் கேட்கிறார்கள். வன்பொருள் செய்வோர் விற்கிறார்கள். ஒருபுறம் மேசை சிறியது என்று சொல்லிக்கொண்டு, மறுபுறம் மேசையைப் பெருப்பிக்க முடியாதபடி தரையோடு சேர்த்துக் கட்டிவிடுகின்ற விந்தையே நம் கவனத்துக்குரியது.

முன்னர் இவ்வாறு இருக்கவில்லை. எமது கணினிக் கூடத்தையே உதாரணங் காட்டலாம். ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பன்னிரண்டு மேசைக் கணினிகள் எமக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் 2 கிகாபைற் நினைவகம். ஓராண்டுக்குள் ஐந்து செயலிழந்தன. செத்த ஐந்தின் நினைவகத் துண்டுகளைக் கழற்றி, உயிரோடிருந்த ஏழில் ஐந்துக்குப் பொருத்தினோம். ஒரு திருப்புளியும் ஒரு மாலைப்பொழுதும் போதுமாயிருந்தன. செலவு ஒரு சதமும் இல்லை. பதினோராந் தரப் பிள்ளைகளே அவ்வேலையைச் செய்தார்கள். இயந்திரம் என்பது அஞ்சவேண்டிய பொருள் அன்று; திறந்து பார்க்கவும் திருத்தவும் உரியது என்னும் பாடத்தை எந்தப் பாடநூலையும்விட அந்த மாலைப்பொழுதே அவர்களுக்குக் கற்பித்தது.

அங்கே நினைவகத்துக்கும் கணினிக்கும் இருந்த உறவு பிறிதின்கிழமை. கிளிநொச்சிக் கடையில் நாம் கண்ட உறவு தற்கிழமை. இயற்கை ஒட்டிய கையன்று அது. மனிதர் பற்றாசு வைத்து ஒட்டிய கை. பிரித்திருக்கக் கூடியதைப் பிரிக்க முடியாததாக்கியவர் யார்? எதற்காக?

இக்கேள்வியின் வரலாறு வீட்டுக் கணினியின் வரலாற்றோடு சமவயதுடையது. 1977 இல் அப்பிள் ஸ்தாபனம் 'அப்பிள் 2' என்னும் கணினியை வெளியிட்டது. அதனை ஆக்கிய பொறியியலாளர் ஸ்டீவ் வொஸ்னியாக், மேலதிக உறுப்புக்களைச் செருகுவதற்கென எட்டுத் துளைகளை அதில் அமைத்தார். அவருடைய பங்காளி ஸ்டீவ் ஜொப்ஸ் இரண்டே போதும் என்றார்; வொஸ்னியாக் விட்டுக்கொடுக்கவில்லை. 4 கிலோபைற் நினைவகத்தோடு வாங்கியவர் அதனை 48 கிலோபைற் வரையும் வளர்த்துக்கொள்ளலாம். அக்கணினி பல ஆண்டுகள் விற்பனையாயிற்று என்பதையும், திறந்திருந்தமை அதன் வெற்றிக்குத் தடையாகவில்லை என்பதையும் ஈண்டு நினைவில் வைத்தல் வேண்டும்.

ஏழாண்டுகள் கழித்து, 1984 ஜனவரியில், அதே ஸ்தாபனம் 'மக்கின்டோஷ்' கணினியை வெளியிட்டது. நினைவகம் 128 கிலோபைற்; கூட்டுவதற்கு வழியில்லை; சாதாரண வீட்டுத் திருப்புளியால் பெட்டியைத் திறக்கவும் இயலாது. அக்கணினியை ஆக்கிய குழுவைச் சேர்ந்த அன்டி ஹேர்ட்ஸ்பெல்ட் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புக்களில் ஒரு செய்தி உண்டு. மின்பலகையை வரைந்த பரல் ஸ்மித் என்னும் இளைஞர், 128 கிலோபைற் விரைவிற் போதாமற் போகும் என்று அஞ்சினார். பலகையில் இன்னும் சில கம்பித் தடங்களை இட்டுவிட்டால், கைத்திறன் உள்ளவர்கள் பிற்காலத்திற் பெரிய நினைவகச் சில்லுகளைப் பொருத்திக்கொள்ளலாம் என்பதை அவர் கண்டார். அதற்கு ஆகுஞ் செலவு சில சதங்களே. ஜொப்ஸ் மறுத்தார். வாடிக்கையாளர் தம் கணினியின் உள்ளே கைவைப்பதை அவர் விரும்பவில்லை; அன்றியும், பிறரிடம் நினைவகம் வாங்கிப் பொருத்துவதிலும் பார்க்க அவர்கள் புதிய கணினியையே வாங்குவதை அவர் விரும்பினார். ஸ்மித்தோ அத்தடங்களைப் பலகையிலேயே விட்டுவிட்டார். அதைப்பற்றி எவரும் மேலிடத்தில் வாய்திறக்கவில்லை. அதே ஆண்டு செப்ரெம்பரில் 512 கிலோபைற் மக்கின்டோஷ் வந்தது.

இந்தச் சிறு வரலாற்றை நான் விரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. நினைவகத்தை மூடிவைப்பது தொழில்நுட்பத்தின் கட்டாயம் என்று இன்று சொல்லப்படுகிறது. 1984 இல் அவ்வாறு ஒரு கட்டாயமும் இருக்கவில்லை. தொழில்நுட்பத்தை அறிந்தவர் திறக்க விரும்பினார். விற்பனையை நினைத்தவர் மூட விரும்பினார். மூடும் விருப்பம் முதலிற் பிறந்தது; அதற்கான தொழில்நுட்பக் காரணம் பின்னரே வந்து சேர்ந்தது. அக்காலத்துக்குப் பின் துளைகள் மீண்டும் வந்தன. பல ஆண்டுகள் நிலைத்தன. 2008 இன் 'மக்புக் எயர்', 2012 இன் புதிய 'மக்புக் புரோ' ஆகியவற்றில் நினைவகம் பலகையோடு ஒட்டப்பட்டது. 2020 இல் வந்த 'எம் 1' வகையில் அது செயலியோடு ஒரே பொதிக்குள் வைக்கப்பட்டது. இன்று மெல்லிய மடிக்கணினி செய்யும் ஏனைய ஸ்தாபனங்கள் பலவும் இவ்வழியையே பின்பற்றுகின்றன. அம்மாணவியின் கணினி அப்பிளுடையது அன்று. அவ்வளவு விலை கொடுக்கும் வசதி அக்குடும்பத்துக்கு இல்லை. விலை உயர்ந்த பொருளிற் தொடங்கிய வழக்கம் விலை குறைந்த பொருளுக்கும் இறங்கி வந்துவிட்டது.

உற்பத்தியாளர் கூறும் நியாயங்களை நேர்மையோடு எடுத்து ஆராய்வது விமர்சகனின் கடமை. அவற்றுள் வலிமையானது தொழில்நுட்ப நியாயம். நினைவகம் செயலிக்கு அண்மையில் இருந்தால் மின்குறிகள் கடக்கும் தூரம் குறையும், வேகம் கூடும், மின்சாரம் மிஞ்சும், பற்றறி நீண்ட நேரம் நிற்கும். இது பொய்யன்று. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் நினைவக வகைகள் நெடுங்காலம் ஒட்டப்பட்ட வடிவத்திலேயே கிடைத்தன. பழுதுபார்க்கவும் வளர்க்கவும் தக்க மடிக்கணினிகளையே செய்வதென்று 2021 இல் விற்பனையைத் தொடங்கிய 'பிரேம்வேர்க்' ஸ்தாபனமும் 2025 இல் வெளியிட்ட மேசைக் கணினி ஒன்றில் நினைவகத்தை ஒட்டவே நேர்ந்தது. அச்செயலியின் வேகத்துக்குக் கழற்றக்கூடிய நினைவகம் ஈடுகொடுக்கவில்லை என்று அவர்கள் வெளிப்படையாகவே கூறினர். எதிரிக்குப் பயன்படக்கூடிய உண்மை என்பதற்காக இதனை நாம் மறைக்கலாகாது.

ஆயினும் இந்த உண்மையின் எல்லை யாது? மிகுந்த வேகத்தை வேண்டும் சில கணினிகளுக்கு அது பொருந்தும். கட்டுரை எழுதவும், கணக்குப் பதியவும், பாடங் கேட்கவும் வாங்கப்படும் 4 கிகாபைற் மலிவுக் கணினிக்கு அது பொருந்துமா? அங்கே வேகமும் இல்லை, வளர்ச்சியும் இல்லை. அன்றியும், தடையென்று சொல்லப்பட்டது கடக்கக் கூடியது என்பதையும் தொழில்நுட்பமே காட்டியுள்ளது. நினைவகத் தரங்களை வகுக்கும் 'ஜெடெக்' என்னும் அமைப்பு 2023 டிசெம்பரில் ஒரு புதிய தரத்தை வெளியிட்டது. குறைந்த மின்சார நினைவகத்தையும் கழற்றிப் பூட்டக்கூடிய மெல்லிய துண்டாகச் செய்ய அது இடமளித்தது. 2024 இல் லெனோவோ ஸ்தாபனம் அவ்வகை நினைவகம் பூட்டிய மடிக்கணினியை விற்பனைக்கும் விட்டது. வேண்டும் என்று எண்ணினால் வழி பிறக்கிறது.

இரண்டாவது நியாயம் சொற்களால் ஆனது. ஆதலின் தமிழ் படித்தவனுக்கு அதில் அதிக அக்கறை உண்டு. 2023 இல் அப்பிள் ஸ்தாபனம் 1,599 டொலர் விலையில் ஒரு 'மக்புக் புரோ'வை வெளியிட்டது. நினைவகம் 8 கிகாபைற். அவ்விலைக்கு இது போதுமா என்று கேட்கப்பட்டபோது, தம் கணினியின் 8 கிகாபைற் பிறர் கணினிகளின் 16 கிகாபைற்றுக்கு ஒப்பானது எனத் தக்கது என்னும் கருத்துப்பட அதன் துணைத்தலைவர்களுள் ஒருவர் பேட்டியில் விடையளித்தார். நம் அணியிலக்கணத்தில் இதற்கு உயர்வு நவிற்சி என்று பெயர். காதலியின் இடை இல்லை என்று கவிஞன் பாடினால் நாம் இரசிக்கிறோம். விலைப்பட்டியலில் அவ்வணி புகுந்தால் அதனை இரசிக்க முடியாது. நினைவகத்தைச் சிக்கனமாகக் கையாளும் திறமை அக்கணினிக்கு இருந்திருக்கலாம். ஆயினும் பெரிய படமொன்று 10 கிகாபைற் கேட்டால் எட்டு எட்டாகவே நிற்கும். அந்த எட்டைப் பதினாறாக்க அதே ஸ்தாபனம் மேலும் 200 டொலர் கேட்டது. அக்காலத்தில் அதே அளவு நினைவகத்தைத் தனித் துண்டாகச் சந்தையில் வாங்க அதன் மிகச் சிறு பங்கே போதுமாயிருந்தது. ஓராண்டுக்குள், 2024 ஒக்டோபரில், எல்லா மக் கணினிகளிலும் 16 கிகாபைற்றே தொடக்க அளவாயிற்று. பல கணினிகளின் விலை கூடவுமில்லை. எட்டு உண்மையாகவே பதினாறாயிருந்தால் பதினாறு எதற்கு? பதினாறு அதே விலைக்குக் கொடுக்கக் கூடியதாயிருந்தால் அந்த 200 டொலர் எதற்கு? இக்கேள்விகளுக்கு உயர்வு நவிற்சியில் விடை கிடையாது.

மூன்றாவது நியாயம், பெரும்பாலான வாடிக்கையாளர் தம் கணினியை ஒருபோதும் திறப்பதில்லை என்பது. இருக்கலாம். ஆனால் யாரை வாடிக்கையாளர் என்கிறார்கள்? கடையில் நின்று பெட்டியைப் பிரிக்கும் முதலாமவரை மட்டும். கணினியின் வாழ்க்கை அவரோடு முடிவதில்லை. கொழும்பில் ஓர் அலுவலகத்திற் பிறந்து, ஒரு தனியார் வகுப்பில் வளர்ந்து, மூன்றாங் கையாக மல்லாவிப் பாடசாலை ஒன்றுக்கு அது வந்து சேர்கிறது. முதலாமவர் திறக்கவேண்டிய தேவை இல்லாதவர். மூன்றாமவர் திறக்காமல் வாழ முடியாதவர். முதலாமவரின் வசதியை மட்டும் கணக்கிலெடுத்துப் பொருளை வடிவமைப்பது, பின்னால் வரிசையில் நிற்கும் ஏழைகள் எல்லாரையும் கணக்கிலிருந்து வெட்டிவிடுவதாகும். 2022 இல் உலகம் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னியற் கழிவைக் குவித்தது என்றும், முறையாகச் சேகரித்து மீட்கப்பட்டது அதில் நாலில் ஒன்றுக்கும் குறைவு என்றும் ஐக்கிய நாடுகள் சார்ந்த ஆய்வறிக்கை கூறுகிறது. அக்குவியலிற் கிடப்பவை எல்லாம் செத்த பொருள்கள் அல்ல. போதாமையால் எறியப்பட்டனவும் அவற்றுள் உண்டு.

இங்கேதான் இப்பிரச்சினையின் சமுதாய உள்ளடக்கம் வெளிப்படுகிறது. நினைவகத்தைக் கூட்ட முடியாத கணினியை வாங்குகிறவன், வாங்கும் நாளிலேயே ஐந்தாண்டுத் தேவையை முன்னறிந்து, அதற்கான பணத்தையும் அன்றே கட்ட வேண்டும். பணம் உள்ளவனுக்கு இது ஒரு தொல்லையன்று. தேவைக்கு அதிகமாகவே வாங்கிவிடுகிறான். பணம் இல்லாதவன் இன்று இயன்றதை வாங்கி, அடுத்த போகத்தில் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும் வாழ்க்கை முறையை உடையவன். நம் கிராமங்களில் வீடுகள் அவ்வாறே எழுகின்றன: ஓர் ஆண்டு அத்திவாரம், மறு ஆண்டு சுவர், அதற்கடுத்த ஆண்டு கூரை. ஒட்டப்பட்ட நினைவகம் இந்தப் படிப்படியான வாழ்க்கைக்கு இடங்கொடுப்பதில்லை. ஒரே நாளில் முழு வீட்டையும் கட்டு, அல்லது ஒற்றை அறையிலேயே கிட என்கிறது. நம் நாட்டில் இதன் கொடுமை இரட்டிப்பாகும். 2022 மார்ச்சு தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 350 ரூபாவைக் கடந்தது. அத்தகைய ஒரு நாட்டில், ஒரு துண்டு நினைவகம் வாங்குவதற்குப் பதிலாகப் புதிய கணினியே வாங்கு என்று சொல்வது, படிப்பை நிறுத்து என்று சொல்வதற்கு வெகு தூரத்தில் இல்லை.

வன்னி மக்களுக்கு இதனை நீட்டி விளக்க வேண்டியதில்லை. 1990 இற்குப் பின் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் பெற்றோலும் மின்கலமும் இப்பக்கத்துக்கு வரவில்லை. மோட்டார்ச் சைக்கிள்கள் சில துளி பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து பிறந்த மின்சாரத்தில் வானொலி கேட்டோம். ஜாம் போத்தலும் பஞ்சுத் திரியும் சிறிதளவு மண்ணெண்ணெயுமே விளக்காயின. அவ்வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டி வாசித்தவர்களுள் நானும் ஒருவன். வறுமையைப் போற்றுவதற்காக இதனைக் கூறவில்லை. அந்த வாழ்க்கை எவருக்கும் மீண்டும் வரலாகாது. ஆயினும் ஒன்றை மறக்க முடியாது. அக்காலத்தில் எம்மைக் காத்தவற்றுள் எமது கைத்திறன் மட்டுமன்று, அப்பொருள்களின் திறந்த தன்மையும் ஒன்று. மோட்டார்ச் சைக்கிளைத் திறக்க முடிந்தது. வானொலியின் கம்பியை வெளியே இழுக்க முடிந்தது. அவை பற்றாசு வைத்து மூடப்பட்டிருந்தால் எந்தக் கைத்திறனும் பயன்பட்டிராது. நெருக்கடி வரும்போது திறக்கக்கூடிய பொருளே மனிதனோடு நிற்கும்.

இன்று உலகில் 'பழுதுபார்க்கும் உரிமை' என்னும் இயக்கம் வலுப்பெற்று வருகிறது. இந்திய அரசு அதற்கென 2022 டிசெம்பரில் ஓர் இணையவாயிலைத் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் ஒரு பணிப்பாணையை நிறைவேற்றியது. அமெரிக்காவில் உழவு இயந்திரங்களைச் சொந்தமாகத் திருத்தும் உரிமையை விவசாயிகளுக்கு அளித்து 2023 இல் கொலராடோ மாநிலம் சட்டமியற்றியது. வயற்கரையில் லான்ட்மாஸ்ரரைப் பிரித்துப் பூட்டும் நம் விவசாயிக்கு, அதற்கும் ஒரு சட்டம் வேண்டியிருக்கிறது என்பது வியப்பளிக்கலாம். இவையெல்லாம் வரவேற்கத்தக்கனவே. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் அவசியம். பழுதுபார்க்கும் உரிமை, பொருள் பழுதான பின்பே பிறக்கிறது. அந்த மாணவியின் கணினி பழுதாகவில்லை, போதாமற்போயிற்று. அதனை முன்னிருந்தவாறே ஆக்கித் தரும்படி கேட்கும் உரிமையால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை. முன்னிருந்தவாறுதான் அது இப்பொழுதும் இருக்கிறது. அவளுக்கு வேண்டியது வளர்க்கும் உரிமை. பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதனையும் சேர்த்துப் பேசாவிட்டால், உற்பத்தியாளர் உடையாத பொருளைச் செய்து, அது உடையாமலே பயனற்றுப்போகும் நாளையும் தாமே குறித்துவிடுவார்கள்.

துளையைத் திறந்துவிட்டால் எல்லாந் தீர்ந்தது என்று மயங்குவதும் தவறு. உலகின் கணினி நினைவகத்தின் மிகப் பெரும் பகுதியைச் சம்சுங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன் என்னும் மூன்று ஸ்தாபனங்களே செய்கின்றன. 2025 இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களின் தேவை பெருகவே நினைவகத்தின் விலை வெகுவாக ஏறியது. டிசெம்பரில் மைக்ரோன், பொதுமக்களுக்கு நினைவகம் விற்றுவந்த தன் 'குறூசியல்' வணிகத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. கதவு திறந்திருந்தும் கடையில் அரிசி இல்லாத நிலை அது. அதனால் கதவைப் பூட்டிவிடலாம் என்று எவரும் வாதிடார். பழைய கணினியிலிருந்து கழற்றிய துண்டை இன்னொன்றிற் பூட்டுவது, புதிய துண்டின் விலை ஏறும்போதே அதிகமாகப் பயன்படும். ஒட்டிய நினைவகத்துக்கு அந்த இரண்டாம் வாழ்வும் இல்லை.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை யாவை? முதலாவது, உண்மை. நினைவகம் ஒட்டப்பட்டதா, கழற்றக்கூடியதா, எவ்வளவுவரை கூட்டலாம் என்பது பெட்டியின் மேல் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட வேண்டும். 2003 இன் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, பண்டங்களின் சுட்டுத்துண்டு பற்றிப் பணிப்புரை வழங்கும் அதிகாரம் உண்டு. இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. இரண்டாவது, ஒட்டவேண்டிய தொழில்நுட்பத் தேவை இல்லாத கணினிகளில் ஒரு துளையேனும் திறந்திருக்க வேண்டும். மூன்றாவது, தேவை உண்மையாகவே உள்ள இடத்தில் போதிய நினைவகம் தொடக்கத்திலேயே நியாய விலைக்குக் கொடுக்கப்பட வேண்டும். வேறெங்கும் வாங்க வழியில்லாதவனிடம் எதையுங் கேட்கலாம் என்பது வியாபாரம் ஆகாது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை புகழ்வது அவர்தம் செல்வத்துக்காக மட்டுமன்று. கொள்வதிலும் கொடுப்பதிலும் அவர்களிடமிருந்த நடுவுநிலைக்காகவுமே என்பதை நம் மாணவர் அறிவர்.

நான்காவது, ஆசிரியர்களாகிய நம் கைக்கு எட்டியது. கணினிகளை மொத்தமாக வாங்குவோருள் அரசுகளும் நன்கொடையாளரும் முக்கியமானவர்கள். தமிழ்நாட்டு அரசு 2011 செப்ரெம்பரிற் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் கீழ்ப் பல இலட்சம் மாணவர் கணினி பெற்றனர். அத்தனை பெருந்தொகைக்கு ஒருவர் விலை கேட்கும்போது, இன்ன துளை வேண்டும் என்று அவர் ஒரு வரி எழுதினால் உற்பத்தியாளர் அதனைச் செய்தே தீர்வார். நம் பாடசாலைகளுக்குக் கணினி தர முன்வரும் பழைய மாணவர் சங்கத்திடமும், வெளிநாட்டிலுள்ள உறவினரிடமும், கல்வித் திணைக்களத்திடமும் நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி 'எத்தனை?' என்பதன்று; 'திறக்கலாமா?' என்பதே. பளபளப்பான பத்துக் கணினிகளிலும் பார்க்கத் திறக்கக்கூடிய ஆறு நீண்ட நாள் வாழும். அவற்றைத் திறந்து பார்க்கும் பிள்ளைகளும் அதிகம் கற்பார்கள்.

அந்த மாணவி இப்பொழுது பல்கலைக்கழகக் கணினிக் கூடத்தில் வரிசையில் நின்று தன் வேலையைச் செய்கிறாள். விடுமுறைக்கு வீடு வந்தால் வேலை நின்றுவிடுகிறது. நெல் விற்ற பணத்தில் வாங்கிய கணினி வீட்டு மேசையில் துணி போர்த்திக் கிடக்கிறது.

இவ்வாண்டு ஆறாம் வேற்றுமையைக் கற்பித்தபோது, கையோடும் வீட்டோடும் மூன்றாவதாக ஒரு தொடரையும் எழுதினேன்: 'கணினியினது நினைவகம்'. இது எக்கிழமை என்று கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. கணினிக் கூடத்தில் திருப்புளி பிடித்திருந்த பையன் ஒருவன் எழுந்து, "கழட்டேலுமெண்டால் பிறிதின்கிழமை, ஏலாதெண்டால் தற்கிழமை, சேர். ஆனால் அதைத் தீர்மானிக்கிறது நாங்களில்லை, செய்யிறவன்" என்றான். இலக்கணம் அவனுக்குப் பிழைக்கவில்லை. அவன் கூறிய இரண்டாவது வாக்கியம் பொய்யாகும் காலத்தைக் கொண்டுவருவதே நமது பணி.